ராக்கப்பன் வைத்த டிசம்பர் பூ

ஒரு கொல்லையில் என்ன பூ வைக்கிறது என்பதற்கு ஒரு மனுசன் மூணு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டான் என்றால் நம்புவீர்களா? ராக்கப்பன் உடைத்துக்கொண்டான். அவன் பூக்கடைக்காரன் இல்லை, தோட்ட வேலை படித்தவனும் இல்லை. கீழக்கரையில் பூட்டிக்கிடக்கிற ஒரு பெரிய வீட்டுக்குக் காவல்காரன், வயசு அறுபத்தொண்ணு. கொல்லை மூலையில் ஓட்டுச் சாய்ப்பு இறக்கிய ஓர் அறை. அதில்தான் அவனும் பொண்டாட்டி இருளம்மாளும் இருபத்தேழு வருசமாகக் குடியிருந்தார்கள். அந்த அறையை விட்டால் அவர்களுக்குப் போக்கிடம் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவன் பூ வைத்ததெல்லாம் அந்த அறைக்காகத்தான்.

பிறந்தது உப்பூருக்கு மேற்கே ஒரு சின்ன கிராமத்தில். மானாவாரி நிலம் ரெண்டு ஏக்கர், கண்மாய் நிறைகிற வருசத்தில் மட்டும் நெல்லு. மத்த வருசமெல்லாம் சீமைக்கருவேலை வெட்டிக் கரிமூட்டம் போடுவார்கள். அந்தப் புகையில் இருமி இருமியே அவன் அய்யா போய்ச் சேர்ந்தார். பிறகு கொத்தனாருக்குக் கையாளாகக் கீழக்கரைக்கு வந்தவன், காதர் மைதீன் ஹாஜியார் கட்டின இந்த வீட்டுக்குக் கல்லும் மண்ணும் சுமந்தான். வீடு முடிந்து ஹாஜியார் குடும்பம் சார்ஜாவுக்கும் ஊருக்குமாகப் போக வர இருந்தது. முதலில் வைத்த காவல்காரன் கொல்லையில் பூத்த மல்லியை மடியில் கட்டிக்கொண்டு போய் பஸ் ஸ்டாண்டு பூக்காரியிடம் விற்றுக்கொண்டிருந்தான். அது தெரிந்ததும் ஹாஜியார் அவனை அன்றைக்கே கிளப்பிவிட்டு, வெள்ளையடிக்க வந்த ராக்கப்பனைக் கூப்பிட்டுச் சாவியைக் கையில் வைத்தார்.

"ஒரு பூக்கூட இந்த வாசலைத் தாண்டக் கூடாது, ராக்கு" என்றார்.

இவன் அதைப் பிடித்துக்கொண்ட பிடி இருக்கிறதே, அப்படி ஒரு பிடி. வாசலைத் தாண்டக் கூடாது என்றால் இருளம்மாள் தலைக்கும் ஏறக் கூடாது என்று அவனாகவே ஒரு சட்டம் போட்டுக்கொண்டான். புதுப் பொண்டாட்டி போல அவள் அந்தக் காலத்தில் கேட்பாள், "ரெண்டு பூ பறிச்சுக்கிறவா?" இவன் தலையை ஆட்டிவிடுவான். "அது அவுக பூவு." ஹாஜியார் வீட்டம்மாவுக்குத் தெரிந்திருந்தால் சிரித்திருப்பார்கள். யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. இருளம்மாள் பஸ் ஸ்டாண்டில் முழம் வாங்கி வைத்துக்கொள்வாள், அதுவும் நல்ல நாளுக்கு.

ஹாஜியார் கடைசியாக ஊரில் வந்து கிடந்தபோது இவன்தான் பக்கத்தில் இருந்து பார்த்தான். மௌத்தாகிறதுக்கு நாலு நாளைக்கு முன்னால் இவன் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ இருக்கிற வரைக்கும் அந்த அறை உனக்குத்தான். இஃப்திகார்ட்டயும் சொல்லிட்டேன்" என்றார். பேப்பர் ஒன்றும் எழுதவில்லை. அந்த நேரத்தில் யார் பேப்பர் கேட்பார்கள்? அந்தச் சொல்லை நம்பித்தான் மகள் ஜெயப்பிரியா கல்யாணத்துக்கு ரெண்டு ஏக்கரையும் கொடுத்துத் தீர்த்தான். ஊர் வீடு ஒரு ஐப்பசி மழையில் அப்படியே உட்கார்ந்துவிட்டது. ஜெயப்பிரியா திருப்பூரில் ஒத்தை அறையில் மாமியார், மாமனார், ரெண்டு பிள்ளைகளோடு இருக்கிறாள். அங்கே போய் எங்கே கால் நீட்டுவது?

ஹாஜியாருக்குப் பொம்பளப் பிள்ளை கிடையாது, அவருக்குப் பிறகு வீடு மகன் இஃப்திகார் கைக்கு வந்தது. அவன் சார்ஜாவில் வேலை, நல்ல பையன்தான், தன்மையாகப் பேசுவான். ராக்கப்பனுக்கு ஒரு போன் வாங்கிக் கொடுத்து, வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் வீட்டைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தான். ஒரு வெள்ளிகூட இவன் தவறவிட்டதில்லை. ஆனால் ஒரு திருட்டுத்தனம் செய்தான். மேற்குச் சுவரை மட்டும் எடுக்கவே மாட்டான். அந்தச் சுவரை உப்பு முழங்கால் உயரத்துக்கு அரித்து, பூச்சு பாளம் பாளமாக உதிர்ந்து, செங்கல் மாவாகக் கொட்டிக்கொண்டிருந்தது. வீடு கெட்டுப்போகிறது என்று தெரிந்தால் அவர்களுக்கு வீட்டின் மேல் இருக்கிற ஆசை விட்டுப்போகும், ஆசை விட்டால் விற்றுவிடுவார்கள், விற்றால் அறை போச்சு. அவன் கணக்கு அது. அதனால் போன வருசம் ஆடி வரைக்கும் அந்த வீடு சார்ஜாவில் புது வீடாகவே இருந்தது.

அந்த ஆடியில்தான் இஃப்திகார் சம்சாரம் நூர் நிஷாவிடமிருந்து மகள் சுஹாவைப் பற்றி ஒரு குரல் செய்தி வந்தது.

"ராக்கண்ணே, சுஹாவுக்குச் சம்பந்தம் கூடியிருச்சு, அல்ஹம்துலில்லாஹ். நவம்பர் ரெண்டாவது வாரம் நிக்காஹ். மண்டபத்துல நிக்காஹ் வச்சுக்கிறோம், மெஹந்தி ஃபங்ஷன் மட்டும் நம்ம கொல்லையிலதான். பொம்பளைக மட்டும். அந்தப் பந்தல்காரன் ஒட்டுற பிளாஸ்டிக் பூவெல்லாம் வேணாம்ணே. செடியில பூத்து நிக்கணும். அது என்னென்ன பூன்னு நீங்களே பாத்து வச்சிருங்க."

ராக்கப்பன் அதை ஏழெட்டுத் தடவை போட்டுக் கேட்டான். உச்சி குளிர்ந்துபோச்சு அவனுக்கு.

"கேட்டியா? கொல்லையில வைக்கிறாக. மண்டபம் இருந்தும் கொல்லையில வைக்கிறாக" என்றான் இருளம்மாளிடம்.

"கேட்டுச்சு, கேட்டுச்சு. எட்டாவது வாட்டி போடாதீக, போன் சூடாகுது."

"இந்த ஊர்ல வீடு பொம்பளப் பிள்ளைக்குத்தான் போகும். அப்ப இது சுஹா பாப்பாவுக்கு. அந்தப் பிள்ளை மனசுல இந்தக் கொல்லை ஒருதடவை உக்காந்துருச்சுன்னா, வச்சுக்கிறும். விக்காது. பாப்பா வச்சுக்கிட்டா நம்ம அறையும் நின்னுரும்."

"அடேயப்பா. பூவைப் பாத்து வீட்டை வச்சுக்குவாக, வீட்டைப் பாத்து நம்மள வச்சுக்குவாக" என்றாள் அவள். கேலிதான். ஆனாலும் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவளுக்கும் ஆசை இருக்காதா?

சுஹா போனில் நாலைந்து படம் அனுப்பியிருந்தது. எங்கேயோ குளிர் நாட்டில் கோஸ் கோஸாக நீலப் பூ. ராக்கப்பன் அதைப் பார்த்துவிட்டு மரியாதையாக ஓரம் வைத்தான். கீழக்கரைக் கொல்லையில் பூ வைப்பது தண்ணீரோடு போடுகிற சண்டை. கிணற்றுத் தண்ணீர் உப்பு, வாயில் வைக்க விளங்காது. ரோஜா வைத்தால் இலை ஓரம் தீய்ந்து பத்து நாளில் குச்சியாக நிற்கும், அதை ஹாஜியார் காலத்திலேயே பார்த்தாச்சு. மல்லி ஐப்பசிக்கு ஓய்ந்துவிடும். மழை பிடித்தால் மொட்டே வராது. செவ்வந்தி நாற்றுப் பரமக்குடியிலிருந்து வாங்கி வந்து பன்னிரண்டு வைத்துப் பார்த்தான், பதினைந்து நாளில் பன்னிரண்டும் கருகின. அப்படியென்றால் ஐப்பசி மழையை வாங்கிக்கொண்டு, உப்பையும் தாங்கிக்கொண்டு, அந்த ஒரு சாயங்காலம் முகம் மலர்ந்து நிற்கிற பூ எது?

முதலில் அந்திமந்தாரை என்று முடிவு செய்தான். நேரம் அப்படி. மெஹந்தி சாயங்கால அஸர் தொழுகைக்குப் பிறகுதான் ஆரம்பிக்கும். அந்திமந்தாரையும் அந்த நேரத்துக்குத்தான் கண் திறக்கும். பொம்பளைகள் வந்து உட்கார உட்கார ஒவ்வொன்றாக விரியும். பிறகு கேந்தி, மஞ்சளும் ஆரஞ்சுமாக ரெண்டு நிறத்தில். ஆவணி கடைசியில் விதை போட்டால் சரியாக வந்து நிற்கும் என்று விரல் விட்டு எண்ணினான். நடுவில் கோழிக்கொண்டை, பட்டுத்துணி மாதிரி கனமாக. கிணற்றடியில் பவளமல்லி ஏற்கனவே நிற்கிறது. அது விடிந்தால்தான் உதிரும், அந்த வாசம் சாயங்காலமே வரும்.

எல்லாம் சரி, அந்த மேற்குச் சுவர்? இத்தனை பேர் கொல்லைக்கு வந்து நின்றால் உப்பரித்த சுவர் கண்ணில் படாமல் இருக்குமா? அங்கேதான் டிசம்பர் பூ வந்தது. கிணற்றடியில் கிழட்டுச் செடி ரெண்டு நின்றது. குச்சி வெட்டிச் சுவர் நீளத்துக்கும் வேலியாக நட்டால் மூணு மாசத்தில் இடுப்பு உயரம் வந்து சுவரை மூடிவிடும். பூத்தால் ஊதா ஊதாவாக ஒரே கோடு. சுஹா சின்னப் பிள்ளையாக இங்கே இருந்த ரெண்டு வருசமும் அந்தப் பூவை உருவி ஒன்றுக்குள் ஒன்றாகக் கோத்து வளையம் செய்து இவன் காதில் மாட்டிவிடும். அது பாப்பாவுக்கு ஞாபகம் இருக்கும் என்று நினைத்தான்.

"டிசம்பர் பூவு கார்த்திகைப் பனிக்குல்ல பூக்கும்" என்றாள் இருளம்மாள். "நீங்க ஐப்பசிக்கு வேணுங்கிறீக."

"முன்ன ஒரு வருசம் ஐப்பசியிலயே பூத்துச்சே. மழை முந்திப் பேஞ்சுச்சுல்ல."

"ஒரு வருசம் பூத்தா எல்லா வருசமும் பூத்துருமா?"

"சுவரு மறையணும்ல" என்றான். அதோடு பேச்சு முடிந்தது.

குச்சி நட்ட ஒன்றரை மாசத்துக்கு அவன் செய்த பாடு கொஞ்சமில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் குழாயில் வருகிற காவிரித் தண்ணீர் ரெண்டு குடம், அவர்கள் குடிக்கவும் சோறாக்கவும் வைத்தது. அதில் ஒரு குடம் வேலிக்குப் போச்சு. இருளம்மாள் கிணற்றுத் தண்ணீரில் அரிசி களைந்து, நல்ல தண்ணீரில் உலை வைத்து, வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினாள். திட்டிக்கொண்டே மறுநாள் அவளே ஒரு சொம்பு கொண்டுபோய் ஊற்றினாள்.

இன்னொன்றும் செய்தான். அதைச் செய்யாமல் இருந்திருக்கலாம். இப்போது சொல்லி என்ன?

கொல்லையின் பின்பாதி வீடு கட்டுகிற காலத்திலேயே காடு. கருவேலும் கள்ளியும் எருக்கும் மண்டி, இடம் எங்கே முடிகிறது என்றே தெரியாது. வீட்டுக்காரர்களே கிணற்றோடு கொல்லை முடிகிறது என்றுதான் நினைத்திருந்தார்கள். அத்தனை பொம்பளைகள் உட்கார இடம் வேண்டுமே என்று ராக்கப்பன் அரிவாளை எடுத்தான். ஒத்தை ஆளாகப் பன்னிரண்டு நாள் வெட்டினான். கையெல்லாம் முள் ஏறி வீங்கிப்போச்சு. பன்னிரண்டாம் நாள் ஒரு துருப்பிடித்த இரும்புக் கேட் தெரிந்தது. அதைத் தள்ளினால் பின்தெரு. பஜார் போகிற பின்தெரு! சந்தோசத்தில் அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை. இவ்வளவு பெரிய கொல்லையா நம்முடையது என்று அவன் வாயிலிருந்தே வந்துவிட்டது. நம்முடையது என்றுதான் சொன்னான், பாவம். வீட்டின் பின்வாசலிலிருந்து அந்தக் கேட் வரைக்கும் கேந்தியும் கோழிக்கொண்டையும் கயிறு பிடித்த மாதிரி நேர் வரிசையாக வைத்தான்.

புரட்டாசியில் செடிகள் தழைத்தன. வெள்ளிக்கிழமை போட்டோவைப் பார்த்துவிட்டு இஃப்திகார் போன் செய்தான். "ராக்கண்ணே, கொல்லை அந்தக் கேட் வரைக்கும் போகுதா? நல்ல வெளிச்சத்துல ரெண்டு பக்கமும் நின்னு எடுத்து அனுப்புங்க. அப்படியே நீளம் அகலம் எத்தனை அடின்னு ஒரு டேப் வச்சு அளந்து சொல்லுங்க. வீட்டு வரி ரசீது அலமாரியில இருக்கும், அதையும் ஒரு போட்டோ."

ராக்கப்பன் டேப்பை இரவல் வாங்கி வந்து, ஒரு முனையை இருளம்மாளைப் பிடிக்கச் சொல்லி, மறுமுனையோடு கேட்டுக்குப் போனான்.

"பந்தலுக்கு அளவு வேணும், சரி" என்றாள் அவள் அங்கேயிருந்து. "வரி ரசீது எதுக்கு? ரசீதுலயா பந்தல் போடப் போறாக?"

"ஏதாவது பேங்கு வேலையா இருக்கும். இறுக்கிப் பிடி."

அவள் இறுக்கிப் பிடித்தாள். அவள் முகம் சுண்டிப்போயிருந்ததை அவன் பார்த்தான், பார்க்காத மாதிரி அடியை எண்ணினான். விற்கப் போகிறார்களோ என்று அவனுக்கும் தோன்றத்தான் செய்தது. ஆனால் ஒரு தடவை அப்படி நினைத்துவிட்டால் அப்புறம் எந்தத் தைரியத்தில் மறுநாள் அரிவாளைத் தூக்குவது? போட்டோ பதினெட்டு எடுத்தான். நேர் வரிசையாகப் பூச்செடி, கடைசியில் பளிச்சென்று கேட். ஒன்றில்கூட மேற்குச் சுவர் விழவில்லை.

ஐப்பசி பிறந்ததும் மழை ஊற்றியது. கேந்தி சாய்ந்தது, முட்டுக் கொடுத்து நிறுத்தினான். அந்திமந்தாரை மட்டும் மழையைக் குடித்துக் கொழுத்தது. டிசம்பர் வேலி இடுப்பு உயரம் வளர்ந்து சுவரை முழுசாக மூடியது. மொட்டு பச்சையாகக் கூர் கூராக விட்டது. விட்டதோடு சரி. தினமும் காலையில் எழுந்து ஒவ்வொரு மொட்டாகத் தடவிப் பார்ப்பான். ஒன்றும் வாய் திறக்கவில்லை. "பிள்ளைத்தாச்சி வயித்தைத் தொட்டுப் பாத்தா சீக்கிரம் பெத்துருவாளா? விடுங்க அதை" என்பாள் இருளம்மாள்.

மெஹந்திக்கு மூணு நாள் முன்னால் மழை விட்டது, குடும்பம் வந்து இறங்கியது. நூர் நிஷா கொல்லையில் வந்து நின்று கேட் வரைக்கும் பார்த்தாள். அப்புறம், "ராக்கண்ணே, மாமா இருந்திருந்தா கண்ணு நிறைஞ்சிருக்கும்" என்றாள். அவள் கண்தான் நிறைந்திருந்தது. ராக்கப்பன் அங்கேயே ஜெயித்துவிட்டதாக நினைத்தான். சுஹா போனைத் தூக்கிப் பிடித்து, கேந்தி ஓரம், கோழிக்கொண்டை ஓரம் எல்லாம் நின்று எடுத்துக்கொண்டது. வளர்ந்து ஆளே மாறிப்போயிருந்தது. மேற்கு வேலிப் பக்கம் வந்து, "இது என்ன, பூவே இல்ல?" என்றது.

"டிசம்பர் பூவு பாப்பா. நீ வளையம் செஞ்சு என் காதுல மாட்டுவியே. இன்னும் பத்துப் பன்னிரண்டு நாள்ல பூத்துரும்."

"அப்படியா" என்றது. சிரித்தது. ஞாபகம் இல்லை என்று அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது. "பத்து நாள்ல நாங்க சென்னை போயிருவோமே, ராக்கு மாமா" என்று சொல்லிவிட்டு அடுத்த செடிக்குப் போயிற்று. பிள்ளையைக் குத்தம் சொல்ல முடியாது. ஆறு வயசில் போனது.

மெஹந்தி அன்றைக்கு அஸர் பாங்கு சொன்னதும் ஆம்பளைகள் எல்லோரும் கொல்லையை விட்டு வெளியே வந்தார்கள். பொம்பளைகள் கூடுகிற இடம், ஆம்பளை வாடை கூடாது. ராக்கப்பனும்தான். மாசக்கணக்காகத் தண்ணீர் ஊற்றி நிறுத்தினவன், அந்திமந்தாரை விரிகிற நேரம் பார்த்து வெளியே வந்து தெருவாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தான். அவனுக்கு அதில் வருத்தமில்லை. இருளம்மாள் உள்ளே இருக்கிறாள், வந்து ஒன்று விடாமல் சொல்வாள். உள்ளேயிருந்து குலவைச் சத்தம் வந்தது, சிரிப்பு வந்தது, வளையல் சத்தம் வந்தது. ஒவ்வொரு சத்தத்துக்கும் எந்தப் பூ பக்கம் நிற்கிறார்கள் என்று மனசுக்குள் இடம் குறித்துக்கொண்டிருந்தான்.

அப்போது மஹ்மூது வந்தார். பஜாரில் இடம் வாங்கிக் கடை கட்டி வாடகைக்கு விடுகிறவர், ஊரில் எல்லோருக்கும் தெரியும். இஃப்திகாரைப் பார்க்க வந்தேன் என்றார். தம்பி பள்ளிவாசலுக்குப் போயிருக்கு, இப்ப வந்துரும் என்று ராக்கப்பன் நாற்காலியைக் கொடுத்துவிட்டுப் படியில் உட்கார்ந்தான். மஹ்மூது நல்ல மனுசர், சும்மா இருக்க மாட்டார், பேச்சுக் கொடுத்தார். போனை எடுத்துக் காட்டினார்.

"அண்ணே, இந்தப் போட்டோ எல்லாம் நீங்க எடுத்ததா?"

ராக்கப்பன் குனிந்து பார்த்தான். அவன் செடிகள். அவன் கேட்.

"நாந்தான் பாய்."

"பிரமாதம்ணே. வருசக்கணக்கா இந்தத் தெருவுல போய் வாரேன், பின்னாடி காடாட்டம் கிடந்துச்சா, இடம் பின்தெரு வரைக்கும் போகுதுன்னு யாருக்குத் தெரியும்? வரிசையாப் பூ வச்சுக் கேட்டு தெரியிற மாதிரி எடுத்திருந்தீங்க பாருங்க, அதைப் பாத்த அன்னைக்கே பேசி முடிச்சிட்டேன். பின்தெரு பாக்க ஆறு கடை போடலாம்."

உள்ளே யாரோ பாட, மத்தவர்கள் கை தட்டினார்கள்.

"முடிச்சாச்சா பாய்?"

"புரட்டாசிலயே முடிஞ்சுச்சுண்ணே. கல்யாணம் நடந்ததும் பத்திரம். தம்பி சொல்லலையா உங்ககிட்ட?"

அந்த மனுசன் வாழ்க்கையில் யாருடைய பொருளையும் கெடுத்துப் பேசினவன் இல்லை. அன்றைக்குப் பேசினான். குரலைத் தாழ்த்தி, படியிலிருந்து அவர் பக்கம் சாய்ந்து சொன்னான்.

"பாய், உங்களுக்கு ஒண்ணு சொல்றேன். மேக்குச் சுவரு முழுக்க உப்பு அரிச்சிருச்சு. கை வச்சா மாவாக் கொட்டுது. நாந்தான் வேலி வச்சு மறைச்சிருக்கேன். போட்டோவுல வராம எடுத்ததும் நாந்தான். கிணத்துத் தண்ணி நாய்கூடக் குடிக்காது. அஸ்திவாரமே எத்தனை நாளைக்குன்னு சொல்ல முடியாது."

மஹ்மூது சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை.

"அதனால என்னண்ணே, வீட்டை இடிக்கத்தானே போறோம்" என்றார்.

பொழுது அடைகிற மஃரிப் பாங்குக்குக் கொஞ்சம் முன்னால் இருளம்மாள் வெளியே வந்தாள். ரெண்டு உள்ளங்கையையும் விரித்துத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள், மருதாணி அப்பியிருந்தது. நூர் நிஷா பிடித்து உட்கார வைத்து இட்டுவிட்டாளாம். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"நீங்க பாக்கலையே. அந்திமந்தாரை விரிய விரிய சின்னப் பிள்ளைக சுத்தி நின்னு எண்ணுதுக. சுஹா பாப்பாவை நடுவுல உக்காத்தி வச்சு, கோழிக்கொண்டை அது தோளுக்குச் சரியா நிக்கிது. மதுரையில இருந்து வந்தவுக கேக்குறாக, எந்த நர்சரின்னு. நான் சொன்னேன், எங்க வீட்டுக்காரருன்னு." மூச்சு வாங்கிக்கொண்டு அவனைப் பார்த்தாள். "ஏன் இப்படி இருக்கீக?"

"வித்துட்டாக, இருளு" என்றான். "புரட்டாசியிலயே. நம்ம அளந்து கொடுத்தோமே, அப்பவே."

அவள் கையை இறக்கவில்லை. மருதாணி காயாத கையை வைத்துக்கொண்டு எங்கே இறக்குவது? அப்படியே தூக்கிப் பிடித்தபடி நின்றாள்.

"நம்மகிட்ட ஒரு வார்த்தை கேட்டாகளா?" என்றாள்.

"இல்ல."

நிக்காஹ் முடிந்த மறுநாள் இஃப்திகார் அவனைத் தனியாகக் கூப்பிட்டு உட்கார வைத்தான். அவனும் கஷ்டப்பட்டுத்தான் பேசினான். "மாப்பிள்ளைக்குச் சென்னையில வேலைண்ணே. பொண்ணுக்கு வீடு கொடுத்தாகணும், நம்ம வழக்கம் உங்களுக்குத் தெரியும். இங்கன இருக்கிற வீட்டை வச்சு அது என்ன செய்யும்? இதைக் கொடுத்துத்தான் அங்க ஒரு ஃபிளாட் எடுக்கிறோம். வாப்பா உங்களுக்குச் சொன்னது எனக்கு மறக்கலண்ணே. மஹ்மூதுகிட்டயும் கேட்டுப் பாத்தேன். அவருக்குக் காவலுக்கு ஆள் வேணாமாம், கேமரா வைக்கிறாராம். டிசம்பர் முடியிறதுக்குள்ள பாத்துக்கங்க."

வீடு பொம்பளப் பிள்ளைக்குத்தான் போகும் என்று நம்பினானே, அது பொய்யாகவில்லை. அந்த வழக்கம்தான் வீட்டையே தின்றது. அந்த இடத்தில் ராக்கப்பன் நாலு வார்த்தை கேட்டிருக்கணும். உங்க வாப்பா சொன்ன சொல்லுக்கு என்ன விலை என்று கேட்டிருக்கணும். எனக்கே இதைச் சொல்லும்போது ஆத்திரம் வருகிறது. அவன் கேட்கவில்லை. "சரி தம்பி" என்றான். எழுந்து வந்து, கல்யாணத்துக்குப் போட்ட பந்தல் கால்களைப் பிடுங்குகிற ஆட்களிடம், செடியை மிதிக்காதீக என்று சொல்லிக்கொண்டு நின்றான்.

குடும்பம் கிளம்பிப் போச்சு. போகும்போது நூர் நிஷா ரெண்டு பேருக்கும் புதுத்துணி கொடுத்தாள், இருளம்மாளைக் கட்டிப்பிடித்து அழுதாள். அழுகை நிஜம்தான். ஜெயப்பிரியாவுக்குப் போன் செய்தார்கள். "அம்மா வேணும்னா வரட்டும்யா, கொஞ்ச நாளைக்கு. உங்களுக்கு எங்கயாச்சும் மில்லுல வாட்ச்மேன் வேலை கேட்டுப் பாக்குறேன், ஆனா அறுபது தாண்டுனா எடுக்க மாட்டேங்கிறாக" என்றாள். ரெண்டு பேரையும் சேர்த்து வரச் சொல்ல அவளால் முடியவில்லை.

கார்த்திகை பிறந்து ஒரு வாரத்தில் பனி இறங்கியது. ஒரு வெள்ளிக்கிழமை காலையில் ராக்கப்பன் கதவைத் திறந்தால், மேற்குச் சுவர் நீளத்துக்கும் டிசம்பர் பூ. ஒரு மொட்டு பாக்கியில்லை. இலை தெரியாமல், சுவர் தெரியாமல், இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஊதாவாக நின்றது. கேந்தியெல்லாம் அதற்குள் கருத்துத் தலை தொங்கிவிட்டது. கோழிக்கொண்டை மழையில் அழுகிப்போச்சு. இது மட்டும் புதுசாக நின்றது.

இருளம்மாளும் வந்து பக்கத்தில் நின்றாள். அவள் கையில் மருதாணி மங்கி நகத்தில் மட்டும் பாக்கி இருந்தது. ராக்கப்பன் பழக்கத்தில் போனை எடுத்தான். யாருக்கு அனுப்புவது என்று தெரியாமல் திரும்பச் சட்டைப் பையிலேயே போட்டுக்கொண்டான்.

"பறிச்சு வச்சுக்க" என்றான்.

அவள் திரும்பி அவன் முகத்தைப் பார்த்தாள். இருபத்தேழு வருசத்தில் அவன் வாயிலிருந்து அது வந்ததில்லை. வேலிப் பக்கம் போனாள். ஒரு கொத்தைப் பிடித்தாள். பிடித்தவள் பறிக்காமல் நின்றாள்.

"இது இப்ப யாரு பூவு?" என்று கேட்டாள்.

ராக்கப்பன் யோசித்தான். "திங்கக்கிழமை பத்திரம் முடிஞ்சுச்சு. மஹ்மூது பாயிது."

"அவரைத் தெரியாதே நமக்கு" என்றாள் அவள். கொத்தை விட்டுவிட்டாள். "போற நேரத்துல பூத் திருடுனாகன்னு ஒரு பேரு எதுக்கு?"

சொல்லிவிட்டுப் பாத்திரங்களைச் சாக்கில் கட்ட உள்ளே போனாள். ராக்கப்பன் குடத்திலிருந்த நல்ல தண்ணீரைக் கொண்டுவந்து வேலிக்கு ஊற்றினான்.